அண்ணியும் ஆயிரம் மணி நேரமும்

எங்க அண்ணி கலிஃபோர்னியா காஸ்மெட்டாலஜி லைசென்ஸ் தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்காங்க. வார நாள்ல கோட் அடிக்கிற எனக்கு, சனி ஞாயிறுல அவங்களுக்குக் கேள்வி கேக்குற வாத்தியார் உத்தியோகம். சம்பளம், ஃபில்டர் காபி :-)

மதுரையில வீட்டு முன்னறையிலயே பார்லர் வச்சு எட்டு வருஷம் நடத்தினவங்க அண்ணி. முகூர்த்த நாள்னா விடியக்காலை மூணு மணிக்கே பொண்ணு அலங்காரத்துக்குக் கிளம்பிடுவாங்க. ஆனா அந்த எட்டு வருஷத்துக்கு சாட்சி சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட கிடையாது. அதனால இங்க அங்கீகாரம் பெற்ற பள்ளியில ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாத்தான் தேர்வு எழுதவே முடியும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள்னு வச்சாலும் ஆறு மாசம்.

பாடத்தைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். 'ஃபேஷியல் பண்றதுக்கெல்லாம் என்ன பெரிய தேர்வு'ன்னு சிரிக்கிற நண்பர்கள் அந்தப் புத்தகத்தை ஒரு தடவை தூக்கிப் பார்க்கணும். எடையே பயமுறுத்தும். உள்ளே பார்த்தா ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி. முடியோட பிஎச் அஞ்சுக்குப் பக்கம், சுருள் வைக்கிற பெர்ம் லோஷன் ஒன்பதுக்குப் பக்கம். நாலு படிதானேன்னு தோணும். ஒரு படிக்குப் பத்து மடங்குன்னா நாலு படிக்குப் பத்தாயிரம் மடங்கு. தண்ணி பட்டா முடியில ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் உடையும், காய்ஞ்சதும் திரும்பிடும். அந்த லோஷன் உடைக்கிறது டைசல்ஃபைடு பிணைப்பை. இதை நான் விளக்கினதும் அண்ணி, "தலைக்குக் குளிச்சு ஈரத்தோட பின்னிப் போட்டா மறுநாள் அலை அலையா நிக்குமே, அதுக்கா இவ்ளோ பெரிய பேரு?"ன்னாங்க. அதுக்கேதான்.

கிருமி பத்தின பகுதி இன்னும் முக்கியம். சுத்தம் பண்றது வேற, கிருமி நீக்கம் வேற, முழுசா நுண்ணுயிர் அழிக்கிறது வேற. சீப்பை முதல்ல சோப்பு போட்டுக் கழுவணும். அழுக்கோட அந்த நீலத் தண்ணிக்குள்ள போட்டா பிரயோஜனம் இல்ல. லேபிள்ல பத்து நிமிஷம்னு இருந்தா பத்து நிமிஷமும் முழுசா முங்கியிருக்கணும். நகம் தேய்க்கிற அட்டையை ஒருத்தருக்குப் போட்டதும் குப்பையில போடணும். இதெல்லாம் வெட்டி வேலை இல்லை. 2000-ல கலிஃபோர்னியாவோட வாட்சன்வில் ஊர்ல ஒரே கடையில பெடிக்யூர் செஞ்சுக்கிட்ட நூறு பேருக்கும் மேல கால்ல கட்டி வந்தது. காரணம், தண்ணி சுழல்ற கால் தொட்டியில வடிகட்டிக்குப் பின்னாடி சேர்ந்திருந்த முடியும் தோலும், அதுல குடியேறின ஒரு பாக்டீரியாவும். முன்னாடியே காலை ஷேவ் பண்ணிட்டுப் போனவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால 'லைசென்ஸையே ஒழி'ன்னு கத்துற கோஷ்டியில நான் இல்லை. தேர்வு வேணும். கடுமையாவே வேணும்.

எனக்குக் கடுப்பு அந்த மணிக்கணக்கு மேலதான். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புரியும். 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லைன்னா, பாடம் தலைகீழாத் தெரிஞ்சாலும் ஹால் டிக்கெட் கிடையாதே, அதே கதை. கத்துக்கிட்டியான்னு கேக்காம, உட்கார்ந்தியான்னு கேக்குறது. இதே மாநிலத்துல ஆம்புலன்ஸ்ல வர்ற அடிப்படை மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குக் குறைந்தபட்சம் 170 மணி நேரம் போதும். மூச்சு நின்னவரைக் காப்பாத்த 170, காஸ்மெட்டாலஜிக்கு 1000. இந்தக் கணக்கு எந்த வாத்தியார் போட்டதோ! மணிக்கணக்கு கூடினா பள்ளிக்கு ஃபீஸும் கூடும். பயிற்சிங்கிற பேர்ல மாணவிகள் வர்றவங்களுக்கு முடி வெட்டுவாங்க, காசு பள்ளிக் கல்லாவுக்குப் போகும். யாருக்கு லாபம்னு நான் தனியாச் சொல்லணுமா?

நம்ம ஊர் த்ரெட்டிங் இந்த விஷயத்துல நீதிமன்றமே ஏறியிருக்கு. டெக்சாஸ்ல நூலை வச்சுப் புருவம் எடுக்கறவங்களும் 750 மணி நேரம் படிக்கணும்னு சொன்னாங்க. அதுல 320 மணி நேரம் வரைக்கும் த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாததா இருக்கலாம்னு மாநில அரசே ஒத்துக்கிட்டது. 2015 ஜூன்ல டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கலிஃபோர்னியாவுல த்ரெட்டிங்குக்கு லைசென்ஸே வேண்டாம். ஆனா அதே புருவத்தை வேக்ஸ் போட்டு எடுக்கணும்னா குறைஞ்சது எஸ்தடீஷியன் லைசென்ஸ் வேணும், அதுக்கு 600 மணி நேரம்.

மாறவே இல்லைன்னு சொல்ல முடியாது. 2022 ஜனவரியில இருந்து காஸ்மெட்டாலஜிக்கு 1600 மணி நேரம் 1000 ஆச்சு. கூடவே செய்முறைத் தேர்வையும் தூக்கிட்டாங்க, இப்ப எழுத்துத் தேர்வு மட்டும்தான். இங்கதான் எனக்கு உடன்பாடில்லை. தூக்க வேண்டியது மணிக்கணக்கு, வச்சுக்க வேண்டியது செய்முறை. அதை ஃபேர்ஃபீல்டு, க்ளெண்டேல்னு ரெண்டே ஊர்ல நடத்தினாங்க, அலைச்சல்தான், ஒத்துக்கிறேன். அப்ப ஊர்களைக் கூட்டியிருக்கலாமே. ஒரு டம்மித் தலையையும் கத்திரியையும் குடுத்து, ஒரு மேற்பார்வையாளரைப் பக்கத்துல நிறுத்தினா, கழுவாத சீப்பை யார் எடுக்கறாங்க, யார் எடுக்கலைன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். அண்ணியோட எட்டு வருஷம் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். காகிதம் இல்லாதவங்களுக்குக் கைதான் சான்றிதழ். அந்தக் கையை இப்ப யாரும் பார்க்கிறதில்லை. நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற ஆங்கிலம்தான் பார்க்கப்படுது.

இந்த எழுத்துத் தேர்வை ஸ்பானிஷ், வியட்நாமிய, கொரிய மொழிகள்லயும் எழுதலாம். வியட்நாமியக் கதை சுவாரசியமானது. 1975-ல அகதிகளா வந்த இருபது பெண்களுக்கு, ஹிட்ச்காக் படத்துல நடிச்ச டிப்பி ஹெட்ரன் நகக்கலை கத்துக்க ஏற்பாடு செஞ்சாங்க. அதுல ஆரம்பிச்சு அந்தத் தொழில்ல அவங்க கூட்டம் பெருகி, தேர்வே அவங்க மொழிக்கு வந்துச்சு. தமிழுக்கு அவ்ளோ பேர் இல்லை, தமிழ்ல கேக்குறது நியாயமும் இல்லை. ஆனா 'இந்தத் தோல்ல வேக்ஸ் போடலாமா'ன்னு நேர்ல கேட்டா அண்ணி பட்டுனு சொல்ற பதிலை, தோல் நோய்களோட லத்தீன் பேருக்கு நடுவுல தேடச் சொல்றப்போ எனக்கே தலை சுத்துது.

இந்தத் தேர்வு எழுதின தோழிகள் யாராவது இதைப் படிச்சீங்கன்னா, அந்த நோய்ப் பெயர்களை எப்படி மனப்பாடம் பண்ணீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அண்ணி கேக்கச் சொன்னாங்க.