டப்பாவில் இல்லை, சுண்டலில் இருக்கிறது!



கடைவீதியிலும், ஜிம் வாசலிலும், இப்போது கைபேசியிலும்கூட ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். புஜத்தை முறுக்கிக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். பக்கத்தில் பெரிய டப்பா ஒன்று இருக்கும். 'இதைக் கலக்கிக் குடித்தால் நீயும் என்னைப் போல ஆகலாம்' என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்லும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பலர் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல உடல்நலத்தோடு வளரும் பிள்ளைகளுக்கு அந்த டப்பா தேவையே இல்லை. உங்கள் தசை வளரத் தேவையான புரதம் மளிகைக் கடைச் சாக்கு மூட்டையிலேயே இருக்கிறது. அதுவும் மலிவாக இருக்கிறது. நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம். ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். டப்பா வாங்கித் தந்தால்தான் சாப்பிடுவேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தான். அவன் அப்பா கட்டட வேலை செய்பவர். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டு வாங்கி, டப்பாவை வாங்கிக் கொடுத்தார். அவருடைய மூன்று நாள் கூலி அதில் போயிற்று. அதே நேரத்தில் அந்த வீட்டு அடுக்களையில் அம்மா வேக வைத்த வேர்க்கடலை ஆறிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை!

புரதம் என்றால் என்ன?

மணிகளைக் கோத்து மாலை செய்கிறோம் அல்லவா? அதுபோல அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்துச் செய்த மாலைதான் புரதம். மொத்தம் 20 வகை மணிகள். அவற்றில் 9 வகையை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

நாம் பருப்பைத் தின்றாலும் மீனைத் தின்றாலும், வயிறும் குடலும் அந்த மாலையை அறுத்துத் தனித்தனி மணிகளாக்கிவிடும். பிறகு உடல் தனக்கு வேண்டியபடி புது மாலை கோத்துக்கொள்ளும். தசை, தோல், முடி, இரத்தம் எல்லாவற்றிலும் அந்த மாலை உண்டு. இந்த மணி டப்பாவிலிருந்து வந்ததா, சுண்டலிலிருந்து வந்ததா என்று உடல் விசாரிப்பதில்லை.

அரிசி, கோதுமையில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் என்ற மணி குறைவு. அரிசியில் அது போதுமான அளவு உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல், சோறும் சாம்பாரும் எல்லாம் அப்படிப்பட்ட ஜோடிகள்தான். பாட்டிமார்கள் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் சேர்க்க வேண்டியதைச் சரியாகச் சேர்த்தார்கள்.

நமக்கு எவ்வளவு வேண்டும்?

குன்னூரில் 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் சிறிய அளவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நம் நீலகிரி மலையில் தொடங்கிய அந்த முயற்சிதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியர்கள் எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லும் இடம் அது.

2020-இல் வெளியான அதன் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்குச் சுமார் 23 கிராம் புரதம் வேண்டும். 10 முதல் 12 வயது வரை சுமார் 32 கிராம். 13 முதல் 15 வயது வரை பையன்களுக்குச் சுமார் 45 கிராம், பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 43 கிராம்.

இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டைத் தோராயமாகக் கூட்டுவோம்.

காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும்: 9 கிராம்.
மதியம் சோறு, பருப்புக் குழம்பு, ஒரு முட்டை: 17 கிராம்.
மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 7 கிராம்.
இரவு இரண்டு தோசையும் பயற்றுக் கூட்டும்: 11 கிராம்.
ஒரு தம்ளர் பால்: 6 கிராம்.

மொத்தம் 50 கிராம். தேவையோ 32 கிராம்தான்! முட்டையையும் பாலையும் கழித்தாலும் 38 வருகிறது. பருப்பு, பயற்றில் உள்ள புரதம் முழுவதும் செரிக்காது என்பதால் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லதே. ஒன்பதாம் வகுப்பு அண்ணன் என்றால் இதோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் சாம்பாரில் பருப்பு இருக்க வேண்டும். தெளிந்த ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு, சுண்டலை ஒதுக்கிவிட்டு, மாலையில் பாக்கெட் சிப்ஸ் தின்றால் 32 கூட வராது. பல வீடுகளில் குறை அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறையை டப்பாவைக் கொண்டு நிரப்புவதா, பயற்றைக் கொண்டு நிரப்புவதா என்பதுதான் கேள்வி.

ஒரு கிராம் என்ன விலை?

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். உங்கள் கடையின் விலையைப் போட்டு நீங்களே மறுபடியும் செய்து பாருங்கள். வழி எளிது. பொருளின் விலையை, அதில் உள்ள புரதத்தின் கிராம் அளவால் வகுக்க வேண்டும்.

மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை கிலோ 160 ரூபாய். அதில் ஏறக்குறைய 500 கிராம் புரதம். ஒரு கிராம் 32 காசு.

பாசிப்பயறு கிலோ 130 ரூபாய். புரதம் சுமார் 230 கிராம். ஒரு கிராம் 57 காசு.

வேர்க்கடலை கிலோ 150 ரூபாய். புரதம் சுமார் 240 கிராம். ஒரு கிராம் 63 காசு.

முட்டை ஒன்று 6 ரூபாய். புரதம் 6 கிராம். ஒரு கிராம் 1 ரூபாய்.

பால் லிட்டர் 50 ரூபாய். புரதம் சுமார் 32 கிராம். ஒரு கிராம் 1 ரூபாய் 56 காசு.

புரதப் பொடி டப்பா ஒரு கிலோ 2,500 ரூபாய், அதில் 750 கிராம் புரதம் என்று வைத்தால், ஒரு கிராம் 3 ரூபாய் 33 காசு. பாசிப்பயற்றைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு!

பாலில் கலக்கும் பானப் பொடிகள் இருக்கின்றனவே, அவற்றையும் பார்ப்போம். அரை கிலோ 250 ரூபாய், 100 கிராமில் 8 கிராம் புரதம் என்றால் ஒரு கிராம் 6 ரூபாய் 25 காசு! சில டப்பாக்களில் பாலோடு சேர்த்துக் கணக்குக் காட்டியிருப்பார்கள். பாலின் புரதம் பாலுடையது. பொடியின் பெருமை அல்ல. டப்பாவைத் திருப்பி, '100 கிராமில்' என்ற கட்டத்தையும் சர்க்கரையின் அளவையும் படியுங்கள். இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் இணையதளங்களில் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

அதே 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. தசையை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளைச் சாப்பிடுவதைத் தவிர்க்குமாறு அதில் சொல்லியிருக்கிறது. நோயுற்றவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு. அதில் நாம் தலையிட வேண்டாம்.

கூடுதலாகத் தின்றால் கூடுதலாக வளருமா?

வளராது! தேவைக்கு மேல் வந்த புரதத்தை உடல் தசையாகச் சேமித்து வைப்பதில்லை. கல்லீரல் அதை உடைக்கிறது. நைட்ரஜன் பகுதி யூரியாவாகி, சிறுநீரகம் வழியே வெளியே போகிறது. மீதி எரிபொருளாக எரியும்; அல்லது கொழுப்பாகப் படியும். வீடு கட்ட ஆயிரம் செங்கல் போதும் என்றால், பத்தாயிரம் செங்கல்லை வாசலில் இறக்கினால் மாடி தானாக எழும்பிவிடுமா?

செங்கல்லை அடுக்கக் கொத்தனார் வேண்டும். அந்தக் கொத்தனார்தான் உடற்பயிற்சி. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கபடி, சிலம்பம், கயிறு தாண்டுதல், தண்டால், மரம் ஏறுதல் எதுவானாலும் சரி. பிறகு இரவில் ஒன்பது மணி நேரம் தூங்குங்கள். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் நிறையச் சுரக்கிறது.

பத்து, பதினொரு வயதில் புஜம் புடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்த வயதில் பயிற்சி செய்தால் பலம் கூடும். பருமன் அவ்வளவாகக் கூடாது. உடல் பருவம் அடையும்போது அதுவும் தானாக வரும்.

இன்னொன்று. காலையில் பட்டினி கிடந்துவிட்டுப் புரதம் தின்று பயனில்லை. உடலுக்கு எரிபொருள் போதாவிட்டால் புரதத்தையே எடுத்து எரித்துவிடும். தேக்குக் கட்டையை அடுப்பில் வைப்பது போலத்தான் அது! ஆகவே சோறோ, இட்லியோ, கேழ்வரகுக் கூழோ, முதலில் வயிறு நிறைய வேண்டும்.

பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்ளும் வீரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர்கிறது. பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான் சேர்கிறது. கிருமித் தொல்லை வேறு. வேக வைத்தே சாப்பிடுங்கள்.

தங்கையின் தட்டு

சில வீடுகளில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது அண்ணன் தட்டுக்குப் போகும். 'அவன் ஆம்பளைப் பிள்ளை, உடம்பு தேற வேண்டும்' என்பார்கள். மேலே சொன்ன பரிந்துரையை மறுபடியும் பாருங்கள். 10 முதல் 12 வயதில் பையனுக்கு 31.8 கிராம், பெண்பிள்ளைக்கு 32.8 கிராம். ஆம், தங்கைக்குத்தான் ஒரு கிராம் அதிகம்! பெண்பிள்ளைகள் அந்த வயதில் முந்திக்கொண்டு வளர்கிறார்கள். ஆகவே முட்டை ஒன்றுதான் என்றால் கத்தியால் சரிபாதியாக வெட்டுங்கள். அண்ணன்களே, அதை நீங்களே முன்வந்து செய்தால் அதுதான் உண்மையான பலம்.

பள்ளிச் சத்துணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 2010 முதல் பள்ளி நாள்தோறும் முட்டை தருகிறார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. பயறும் கடலையும்கூடத் தருகிறார்கள். வரிசையில் நிற்க வெட்கப்பட்டு அதை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. வரிசையில் நிற்பவனைக் கேலி செய்பவர்களும் உண்டு. நல்ல சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுவதில் என்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர்கள் கேலி செய்பவர்கள்தான்.

அசைவம் சாப்பிடும் வீட்டில் நெத்திலி மீனும் முட்டையும் இருக்கட்டும். சைவ வீட்டில் பயறும் பாலும் தயிரும் இருக்கட்டும். எது உயர்ந்தது என்று சண்டை வேண்டாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை விட்டு, வேறு பயற்றுக்குப் போகலாம்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவிடம் கேட்டு, ஒரு கைப்பிடி பாசிப்பயற்றையோ கொண்டைக்கடலையையோ நீங்களே களைந்து தண்ணீரில் ஊறப் போடுங்கள். நாளை மாலை அது சுண்டலாகட்டும். அதைத் தின்றுவிட்டு விளையாடப் போங்கள். மிச்சமாகும் டப்பாக் காசில் அப்பா பள்ளிக்கூடச் செருப்போ, ஒரு நல்ல புத்தகமோ வாங்கித் தரட்டும். என்ன, சரிதானே?