பிறீமியோ விலைக்கு ஒரு பென்ஸ்

இலங்கையின் பாவித்த வாகனச் சந்தையை வெளிநாட்டவர் ஒருவருக்கு விளங்கப்படுத்துவது இலகுவான காரியமல்ல. ஜப்பானின் நடுத்தர வர்க்கத்தினருக்காகத் தயாரிக்கப்பட்ட ரொயோட்டா பிறீமியோவும், ஜேர்மனியில் வடிவமைக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் சி வகைக் காரும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருப்பின், இங்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கைமாறுகின்றன. சில வேளைகளில் பென்ஸ் மலிவாகவும் கிடைக்கின்றது. புதிதாக இருந்தபோது ஒன்றின் விலை மற்றையதைப் போல இரு மடங்காக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும் கனவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

"அதே காசுக்கு ஏன் பிறீமியோ? பென்ஸே வாங்கலாமே!" என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் பலரும் என்னிடம் கேட்டுவிட்டனர். கேட்பவர்களில் ஒரு பகுதியினர் ஓய்வுபெறும் வயதை அண்மித்து, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். மறு பகுதியினர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு ஊரில் உள்ள பெற்றோருக்கு ஒரு நல்ல கார் வாங்கிக் கொடுக்க விரும்பும் பிள்ளைகள். இரு சாராருக்கும் எனது பதில் ஒன்றுதான்: பெரும்பாலும் வேண்டாம். விதிவிலக்குகள் உண்டு. அவற்றைப் பின்னர் சொல்கிறேன்.

கேள்வி இப்போது கூடுதலாக எழுவதற்குக் காரணம் இருக்கின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே மீண்டும் மீண்டும் கைமாறின. தட்டுப்பாட்டில் முதலில் விலை ஏறியவை எல்லோரும் நம்பும் ஜப்பானியக் கார்கள். ஐரோப்பியக் கார்கள் அந்த ஓட்டத்தில் பின்தங்கிவிட்டன. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும், இயந்திரக் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, சொகுசு வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கப்பட்டுள்ள சுமையினால் புதிய கார் என்பது சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத பொருளாகவே இருக்கின்றது. ஆகவே பழைய பென்ஸின் பக்கம் கண் போகின்றது.

ஆனால் சந்தை முட்டாள்தனமாக விலை போடுவதில்லை. பிறீமியோவின் விலையில் ஒரு பகுதி அதன் இரும்புக்கு உரியது; மறு பகுதி நிம்மதிக்கு உரியது. அதைத் திருத்தத் தெரியாத மெக்கானிக் இந்த நாட்டில் இல்லை. அதன் உதிரிப்பாகம் கிடைக்காத சிறு நகரமும் இல்லை. பென்ஸின் விலை குறைந்திருப்பதற்கான காரணமும் இதிலேயே அடங்கியிருக்கின்றது. கார் பழசாகும்போது அதன் விலை இறங்குகின்றது. அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் செல்வந்தர் ஒருவர் வாங்கிய காரை நாம் இன்று நடுத்தர விலைக்கு வாங்கலாம். அதற்குக் கியர்பெட்டி தேவைப்படும் நாளில் நாம் கொடுக்க வேண்டியது அந்தச் செல்வந்தர் கொடுத்திருக்க வேண்டிய விலையையே. அதுவும் யூரோவில் அல்லது டொலரில். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கை ஒரே இரவில் படித்துக்கொண்டனர்.

எரிபொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பின் நெரிசலில் பழைய சி 200 ஒரு லீற்றருக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் ஓடினால் அது நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான ஜேர்மனியப் பெற்றோல் இயந்திரங்களுக்கு 92 அல்ல, 95 ஒக்டேன் வேண்டும். 2022 ஜூன் இறுதியில் 95 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 550 ரூபாவுக்கு விற்றது. அதன் பின்னர் வந்த கியூ.ஆர். முறையில் கார் ஒன்றுக்கு முதலில் கிடைத்த வாராந்த ஒதுக்கீடு 20 லீற்றர். வாரத்துக்கு 140 கிலோமீற்றர் ஓடும் பென்ஸை எதற்காக வைத்திருப்பது என்று பலர் அப்போது யோசித்தார்கள்.

இனி, எந்தக் கார் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். "பென்ஸ்" என்றும் "பி.எம்.டபிள்யூ." என்றும் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. 1984 முதல் 1995 வரை வந்த டபிள்யூ 124 பென்ஸை இங்குள்ள பழைய மெக்கானிக்குகள் இன்றும் கைகூப்பாத குறையாகப் புகழ்வார்கள். புகழ் நியாயமானது. எனினும் 1993க்குப் பின்னர் வந்த பெற்றோல் கார்களில் மின்வயர்களின் மேலுறை காலப்போக்கில் பொடியாக உதிர்ந்துவிடும். அந்த வயர்த் தொகுதி மாற்றப்பட்டதா என்று கேட்காமல் ஒன்றை வாங்கக் கூடாது. 2007 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட டபிள்யூ 204 சி வகைக் காரில் ஸ்ரீயரிங்கைப் பூட்டும் சிறு மின்மோட்டார் ஒன்று இருக்கின்றது. அது பழுதானால் சாவி திரும்பாது. கார் அசையாது. பெரும்பாலும் முன்னறிவித்தல் எதுவும் இராது. புதிய பாகத்தைப் பூட்டினால் மாத்திரம் போதாது. கணினி மூலம் காருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும்.

2005க்குப் பின்னர் வந்த பி.எம்.டபிள்யூ. 318, 320 பெற்றோல் கார்களில் வால்வுகளின் சீல்கள் இறுகி, எண்ணெய் எரிந்து, நீலப் புகை வரும். 2007க்குப் பின்னர் வந்த 320டி, 520டி ஆகியவற்றின் டீசல் இயந்திரத்தில் நேரச் சங்கிலி தேய்வது உலகறிந்த விடயம். அந்தச் சங்கிலியை இயந்திரத்தின் முன்புறத்தில் வைக்காமல் கியர்பெட்டிப் பக்கமாக வைத்துவிட்டார்கள். அதை மாற்றுவதற்கு இயந்திரத்தையோ கியர்பெட்டியையோ கழற்றி இறக்கவேண்டும். இதே கார்களில் பலவற்றுக்குக் காற்றுப் போனாலும் ஓடும் ரயர்கள் பூட்டப்பட்டிருப்பதால் மாற்றுச் சில்லுக்கு இடமே வைக்கப்படவில்லை. நமது உள்வீதிகளில் அந்த ரயரின் கடினத்தை முதுகெலும்பு சொல்லும்.

இப்போது புதிதாக இன்னொரு வகையும் சந்தைக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் வரிச் சலுகையின் காரணமாக இறக்குமதியான, மின்னேற்றக்கூடிய கலப்பினக் கார்கள் அவை: பென்ஸ் சி 350ஈ, பி.எம்.டபிள்யூ. 530ஈ போன்றவை. உயர் அழுத்த பற்றரிக்கு உற்பத்தியாளர்கள் கொடுத்த உத்தரவாதம் 6 ஆண்டுகள் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர். பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. விலை கவர்ச்சியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். கனடாவில் உள்ள இரு பிள்ளைகள் சேர்ந்து பணம் அனுப்பி, கொழும்பில் ஒரு டபிள்யூ 204 வாங்கிக் கொடுத்தார்கள். "அப்பா எங்களைப் படிப்பிக்கச் சைக்கிள் மிதிச்சவர். இனியாவது பென்ஸில போகட்டும்" என்றார் மூத்தவர். அந்த அன்பைக் குறை சொல்ல என்னால் முடியாது. எட்டாவது மாதத்தில் சாவி திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் கைவைக்கத் துணிந்தவர்களிடம் அதற்கான கருவி இல்லை. லொறியில் ஏற்றி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுப்பித்தார். அதற்கான செலவைத் தமது வைப்புப் பணத்திலிருந்து கொடுத்தார். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "அவங்கள் ஆசையாய் வாங்கித் தந்தது தம்பி, எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அதன் பின்னர் ஏ.சி. கொம்பிறஸர் போனது. அதையும் அவர் சொல்லவில்லை. இப்போது கார் துணி மூடி நிற்கின்றது. வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அவர் ஓட்டோவில் போய்வருகிறார். காணொளி அழைப்பில் பிள்ளைகள் காரைப் பற்றிக் கேட்டால், "நல்லா ஓடுது" என்பாராம்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இதனைத்தான். காரை வாங்கிக் கொடுப்பது ஒருநாள் செலவு. அதன் பின்னர் வருவது அந்தக் காரின் மாதச் செலவு. அதை யாருடைய பையில் வைத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கார் பற்றிய ஞானம் குறைவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோல் காணாத குடாநாட்டில் ஏ போட்டிகளும் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அன்று அவை ஓடியதற்குக் காரணம், அவற்றின் ஒவ்வொரு பாகத்தையும் ஊர்ப் பட்டறையில் கழற்றிப் பார்க்க முடிந்தமைதான். இன்றைய ஜேர்மனியக் காரை மண்ணெண்ணெய் அல்ல, தரம் குறைந்த பெற்றோலே முகம் சுளிக்க வைக்கும்.

இலண்டனில் தாம் ஓட்டிய காரையே கப்பலில் அனுப்பலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். அங்கும் வலப்புறச் சாரதி ஆசனம் என்பதால் ஆசை எழுவது இயல்பு. 2025இல் வெளியான விதிகளின்படி பாவித்த கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே பத்து வயதுக் காரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சரி, யார் வாங்கலாம்? கொழும்பிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வசிப்பவர். முகவர் நிறுவனத்துக்கு வெளியே, அந்தக் குறிப்பிட்ட வகைக் காரை மட்டும் திருத்தும் நேர்மையான கராஜ் ஒன்றை ஏற்கனவே அறிந்தவர். பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் ஒன்றை வாங்கும்போது நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியக்கூடியவர் அல்லது பிரித்தறியும் நண்பரை உடையவர். கார் இரண்டு வாரம் கராஜில் நின்றாலும் வேலைக்குப் போக வேறு வழி உள்ளவர். இவர் வாங்கலாம். வாங்கினால் அனுபவிக்கவும் செய்வார். நெடுஞ்சாலையில் நல்ல நிலையிலுள்ள பென்ஸின் அமைதியையும் உறுதியையும் பிறீமியோ ஒருபோதும் தரப்போவதில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. மோதல் ஒன்றில் உயிர் தப்புவதற்கான வாய்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருக்கும் ஒரு நிபந்தனை. கையில் 80 இலட்சம் இருந்தால் 80 இலட்சத்துக்குக் கார் பார்க்கக் கூடாது (இது கணக்குக்காகச் சொல்லும் தொகை). 60 இலட்சத்துக்குப் பார்க்க வேண்டும். எஞ்சிய 20 இலட்சம் வங்கியில் காரின் பெயரில் இருக்கட்டும். முதல் ஆண்டிலேயே அதில் ஒரு பகுதி போகும். விற்றவர் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் வாங்கியவரின் தலையில்தான் விழும். அவர் விற்பதற்கும் அநேகமாக அதுவே காரணம். லீசிங் எடுத்து இத்தகைய காரை வாங்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. தவணையும் திருத்தச் செலவும் ஒரே மாதத்தில் வந்தால் என்ன நடக்கும் என்பது எவருக்கும் விளங்கும். 2025இல் ஜனாதிபதி செயலகமே செலவுக் குறைப்பின் பேரில் தனது சொகுசு வாகனங்களை ஏலத்தில் விட்டது.

பார்க்கப் போகும்போது இலக்கத் தகட்டையும் மீற்றரையும் நம்ப வேண்டாம். (ஒரு காலத்தில் இலக்கத் தகட்டின் சிங்கள சிறீ எழுத்துக்காக நாம் போராட்டமே நடத்தினோம், இன்று தரகர்கள் தகட்டின் எழுத்தைப் பார்த்தே விலை சொல்கிறார்கள்.) மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவது இங்கு ஒரு தொழில். ஆனால் ஜேர்மனியக் கார்களில் ஓடிய தூரம் வேறு கணினிப் பகுதிகளிலும் பதிவாகியிருக்கும், பி.எம்.டபிள்யூ.வின் பல மாதிரிகளில் சாவியிலேயே இருக்கும். அதை வாசிக்கும் கருவியுள்ள கராஜில் விற்பவரின் சம்மதத்துடன் பரிசோதியுங்கள். சம்மதிக்காவிட்டால் அங்கேயே பேச்சு முடிந்தது. பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்திருக்க மீற்றர் அறுபதாயிரம் காட்டினால், மிதியை நம்புங்கள். கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். "அது வாழ்நாள் எண்ணெய், மாற்றத் தேவையில்லை" என்ற பதில் வந்தால், அது இதுவரை மாற்றப்படவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போங்கள். இயந்திரம் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்திருக்க வேண்டும். முதல் தடவை இயக்கும்போது வரும் சங்கிலிச் சத்தமும் நீலப் புகையும் சூடேறிய பின்னர் மறைந்துவிடக்கூடும். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் விற்பவர் காரை ஏற்கனவே இயக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.