அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

டாக்டர் டி.எஸ். கனகாவைப் பற்றித் தமிழில் நான் படித்த குறிப்புகளில் இரண்டு தகவல்கள் தவறாமல் இருந்தன. ஒன்று, அவர் ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர். இன்னொன்று, நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தவர். மார்ச் 8 வந்தால் இந்த இரண்டு வரியும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துடன் வாட்ஸப்பில் சுற்றும். நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஃபார்வர்டுக்குப் போய்விடுவோம்.

அந்த 'முதல்' பட்டத்திலேயே தகராறு உண்டு. இஸ்தான்புல்லில் அய்சிமா அல்டினோக் 1959லேயே இந்தத் துறையில் தகுதி பெற்றுவிட்டார். கனகா எம்.சிஹெச். முடித்தது 1968ல். துருக்கியை ஆசியாவில் சேர்ப்பதா ஐரோப்பாவில் சேர்ப்பதா என்று யாராவது சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்கு அது முக்கியமில்லை. என் கேள்வி வேற. 2018 நவம்பரில் 86 வயதில் இறந்துபோன அந்த அம்மா, வாழ்நாள் முழுக்க எதை ஆராய்ச்சி பண்ணினார்? அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிறார்கள்?

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சொன்னால் மாலை போடுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

சென்னை ஜி.எச்.சில் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியது 1950ல். அறுபதுகளில் அவரோடு வி. பாலசுப்ரமணியம், எஸ். கல்யாணராமன், கனகா எல்லோரும் சேர்ந்து இந்தியாவின் ஆரம்பகால ஸ்டீரியோடாக்டிக் அறுவைகளைச் செய்தார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். சி.டி. ஸ்கேன் இல்லாத காலம் அது. மூளையின் உள்ளறைகளில் காற்றையோ மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அதில் தெரியும் அடையாளங்களை வைத்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் கணக்குப் போட வேண்டும். பிறகு மண்டையோட்டில் சின்னத் துளை. அதன் வழியாகப் பென்சில் முனையைவிட மெல்லிய மின்முனை ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இலக்கை நோக்கி இறக்குவார்கள்.

இறக்கியவுடன் எதையும் அழித்துவிட மாட்டார்கள். முதலில் லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பார்க்கின்சன் நோயாளி என்றால் விழித்துக்கொண்டுதான் இருப்பார். "கையை நீட்டுங்க, விரலை மடக்குங்க" என்று சொல்லி, நடுக்கம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஹைப்போதலாமஸின் பின்பகுதி என்றால் ரத்த அழுத்தம் ஏறும், பாப்பா விரியும். அப்படி நடந்தால் இடம் சரி. சரியென்று தெரிந்த பிறகு அதே முனையைச் சூடாக்கி அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். மின்தூண்டல் என்பது மூளையிடம் கேட்கும் கேள்வி. சுடுவது தீர்ப்பு. கேள்வியை வாபஸ் வாங்கலாம், தீர்ப்பை வாங்க முடியாது. கனகாவின் ஆராய்ச்சி வாழ்க்கை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது என்பது என் வாசிப்பு.

இப்போது கும்பிடு போட்டவர்கள் தாண்டிப்போகும் இடத்துக்கு வருகிறேன். ஜப்பானில் நராபயாஷி, சானோ இருவரும் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வழியைக் காட்டினார்கள். அடங்காத ஆவேசம், ஓயாத துறுதுறுப்பு, தன்னைத்தானே கடித்துக்கொள்வது போன்ற நடத்தைகளுக்கு அமிக்டலாவிலோ ஹைப்போதலாமஸிலோ ஒரு சிறு புள்ளியைச் சுடுவது. சென்னைக் குழு அதை எடுத்துக்கொண்டது. பாலசுப்ரமணியமும் கனகாவும் மற்றவர்களும் 1969ல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'அமைதிப்படுத்தும் மூளை அறுவை' என்று வரும். நோயாளியை அமைதியாக, சமாளிக்கக்கூடியவராக ஆக்குவதுதான் நோக்கம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். 1973ல் போதைப் பழக்கத்துக்கு மூளை அறுவை செய்ததைப் பற்றியும் கட்டுரை வந்தது. 1988ல் ராமமூர்த்தி மொத்தக் கணக்கைக் கொடுத்தபோது நடத்தைக் கோளாறுகளுக்காக அறுவை செய்யப்பட்டவர்கள் 603 பேர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. உலகத்திலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று இது. நடந்த இடம் நம்ம ஊர், பார்க் ஸ்டேஷன் எதிரில்.

603 பேர். ஒருவருடைய குரல்கூட நம்மிடம் இல்லை.

சமாளிக்கக்கூடியவர் என்றால் யாரால் சமாளிக்கக்கூடியவர்? செலையூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன், பேச்சு வராது. ராத்திரியெல்லாம் கத்துவான், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். மூன்று வருஷத்தில் நான்கு வீடு மாறிவிட்டார்கள். ஒருநாள் சொன்னார், "அவன் குணமாக வேணாம் தம்பி, நைட்டுக்கு மட்டும் சத்தம் போடாம இருந்தா போதும்." அந்த அக்காவிடம் 1969ல் ஒரு டாக்டர் வந்து அறுவை பண்ணலாம் என்று கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டது தன் தூக்கத்தை. சுடப்படுவது பையனின் மூளை. வெற்றி என்பதை வீட்டாரின் நிம்மதியை வைத்து அளந்தால், அந்தப் பையன் உள்ளுக்குள் எதை இழந்தான் என்று பதிவேட்டில் எழுத ஒரு கட்டம்கூட இருக்காது. அமைதி என்பது நோய் தீர்ந்ததற்கான அடையாளமா, ஆள் ஒடுங்கிப்போனதற்கான அடையாளமா? இதைப் பிரித்துப் பார்க்காத அளவுகோல் விஞ்ஞானத்துக்கே போதாது. அறம் பற்றிய பேச்சு அப்புறம்.

இதைச் சொன்னதும் இன்னொரு கூட்டம் உற்சாகமாகிவிடும் என்று தெரியும். 'மூளையைச் சுட்ட கொடூரர்கள்' என்று ஒரு த்ரெட் போட்டுவிட்டால் வேலை முடிந்தது அவர்களுக்கு. கும்பிடு போடுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமே படிக்காதவர்கள். அறுபதுகளில் இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு நம் சமூகம் வைத்திருந்த ஏற்பாடு என்ன? வீட்டில் கட்டிப்போடுவது, கோயில் மண்டபத்தில் விடுவது, இல்லையென்றால் கீழ்ப்பாக்கம். அந்தப் பெயரை இன்றைக்கும் வசவாகத்தானே பயன்படுத்துகிறோம்? கைவிடப்பட்டவர்களைத் தொட வந்தவர்கள் அந்த டாக்டர்கள். செய்ததை மறைக்கவும் இல்லை, கட்டுரையாக எழுதி உலகத்தின் முன் வைத்தார்கள். அமெரிக்காவில் மார்க்கும் எர்வினும் 1970ல் வன்முறையையும் மூளையையும் பற்றிப் புத்தகம் போட்டபோது பெரிய சண்டை வெடித்தது. அரசு ஆணையம் உட்கார்ந்து விசாரித்தது. இங்கே பத்திரிகையும் இலக்கியவாதிகளும் என்ன செய்தார்கள்? மூளையில் மின்முனை இறக்கும் ஒரு ஆஸ்பத்திரி நம் நகரத்தின் நடுவில் இருந்தது. அதன் மீது ஒரு விவாதம் நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. நோயாளியின் சம்மதமும் மனநல வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்கு மூளை அறுவை கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு சொன்னது 2017ல். கனகா இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு.

இந்தக் கதையின் இன்னொரு பாதியும் இதே மௌனத்தில் புதைந்து கிடக்கிறது. 1975ல் கனகா மூளைக்குள் மின்முனையை நிரந்தரமாகப் பொருத்தினார். இந்தியாவில் அதுதான் முதல் முறை என்கிறார்கள். அதாவது சுடாமல், தூண்டலையே சிகிச்சையாக்கும் வழி. பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம், கூட்டலாம், குறைக்கலாம். பிரான்ஸில் பெனாபி, வேகமான தூண்டல் கொடுத்தால் சுடாமலே நடுக்கம் நிற்கிறது என்று காட்டியது 1987ல். உலகம் அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தது. சென்னையில் ஒருத்தர் அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷம் முன்பே காலெடுத்து வைத்திருந்தார். மார்ச் 8 போஸ்டரில் போட வேண்டிய வரி இதுதான். ரத்ததானக் கணக்கைப் போடுகிறார்கள்.

அவர் பெண் என்பதால் பட்ட பாட்டை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆண்கள் மட்டுமே நின்ற மேஜையருகே 1960களில் போய் நின்றவர் அவர். ஆனால் ஒரு ஆண் விஞ்ஞானியை அவருடைய கேள்விகளால் நினைவுவைத்துக்கொள்கிறோம், ஒரு பெண் விஞ்ஞானியை அவர் எத்தனையாவது என்பதால் நினைவுவைத்துக்கொள்கிறோம். கனகாவின் தவறுகளைப் பேசினால் மரியாதை போய்விடும் என்று நினைப்பதும் அதே அவமரியாதைதான். ராமமூர்த்தியைக் கேள்வி கேட்கலாம், கனகாவை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கணுமா?

ஓய்வுபெற்ற பிறகு அவர் பெற்றோர் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்துக் குரோம்பேட்டையில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே ஜி.எச்.சுக்குள் நடந்துவிடலாம். அன்றைக்கு அந்த வாசலில் நின்ற ஏழைக்குத்தான் சோதனை நிலையிலிருந்த அறுவை கிடைத்தது. இன்றைக்கு அதே மின்முனை, மாட்டி வைத்த பேட்டரியோடு, தனியார் ஆஸ்பத்திரிகளில் பல லட்ச ரூபாய். சோதனைக் காலத்தில் ஏழையின் மூளை தேவைப்பட்டது. பலன் வந்த காலத்தில் அவன் பர்ஸைப் பார்க்கிறார்கள்.

அந்த 603 பேரின் கேஸ் ஷீட்டுகள் எங்கே? பெயர்களை மறைத்துவிட்டு, யார் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், திரும்பி வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆராய ஒரு பல்கலைக்கழகம் முன்வர வேண்டும். எட்டு வயதில் அறுவை செய்யப்பட்ட குழந்தை உயிரோடு இருந்தால் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அறைகளில் வேலை பார்த்த நர்ஸுகள், வார்டு ஆயாக்கள், எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் சிலராவது தாம்பரம், பல்லாவரம் பக்கம் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்கு எண்பது வயது ஆகிக்கொண்டிருக்கிறது. நாவலுக்குக் கரு தேடி அலைகிற நண்பர்களே, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமாவது கிளம்புங்கள்.