எக்மோ: கருவி மட்டும் காப்பாற்றாது

2016 டிசம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவுக்கு ‘எக்மோ’ பொருத்தப்பட்ட செய்தி வந்தபோதுதான் தமிழர்களில் பலர் அந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்டனர். 2020-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கரோனா தொற்றுக்குப் பின் வாரக்கணக்கில் அதே கருவியின் துணையில் இருந்தார். இருவரும் மீளவில்லை. அதனால் ‘எக்மோ’ என்றாலே சிலருக்குக் கடைசி அதிசயம். வேறு சிலருக்கு முடிவைத் தள்ளிப்போடும் உத்தி. இரண்டுமே பிழையான புரிதல் என்றே நான் கருதுகிறேன்.

எக்மோ நோயைக் குணப்படுத்துவதில்லை. உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. பழுதுபட்ட இதயமோ நுரையீரலோ தேறுவதற்கு அவகாசம் தருகிறது, அவ்வளவே. அந்த அவகாசத்துக்கும் ஒரு விலை உண்டு. பிளாஸ்டிக் குழாயைத் தொட்டால் ரத்தம் உறையும். உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்தால், மூளை உள்பட எங்கு வேண்டுமானாலும் கசியலாம். தொடைத் தமனியில் செருகும் தடித்த குழாய், காலுக்குச் செல்லும் ரத்தத்தைத் தடுக்கலாம். அதைத் தவிர்க்கக் காலை நோக்கி இன்னொரு சிறு குழாய் தேவைப்படும். கருவி தமனிக்குள் தள்ளும் ரத்தத்தை எதிர்த்துத் துடிக்க முடியாமல் பலவீனமான இதயம் வீங்கினால், நுரையீரலில் நீர் கோக்கும்.

இந்த ஆபத்துகள் வெறும் அச்சமல்ல. மாரடைப்பால் இதயம் செயலிழந்த 420 பேரிடம் ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் நடத்தப்பட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. முப்பது நாள்களுக்குள் இறந்தவர்கள் எக்மோ பிரிவில் 47.8 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 49 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், மிதமான அல்லது கடுமையான ரத்தக்கசிவு 9.6-இலிருந்து 23.4 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

அப்படியானால் கருவி வேண்டாமா? அதுவல்ல முடிவு. கடுமையான நுரையீரல் செயலிழப்புக்கு ஆளான 180 பேரைப் பற்றிய பிரிட்டன் ஆய்வு 2009-இல் வெளியானது. எக்மோ அனுபவம் மிக்க மையத்துக்கு மாற்றப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குப் பிறகு பெரும் ஊனமின்றி உயிரோடு இருந்தனர். மற்றவர்களில் அது 47 விழுக்காடு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எக்மோ பொருத்தப்படவே இல்லை. பயன் தந்ததில் கருவிக்கு மட்டுமல்ல, தேர்ந்த கைகளுக்கும் பங்குண்டு என்பதே இதன் பாடம்.

எனவே, எத்தனை மருத்துவமனைகளில் எக்மோ இருக்கிறது என்று எண்ணுவதில் பொருளில்லை. இரவு மூன்று மணிக்குக் கால் குளிர்வதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கையருகே இருக்கிறாரா? குழாயில் உறையும் ரத்தத்தைக் கண்டறியும் வல்லுநர் உடனே கிடைப்பாரா? இவையே கேட்க வேண்டிய கேள்விகள். எல்லா ஊர்களிலும் கருவி வாங்குவதைவிட, சில மையங்களில் அனுபவத்தைக் குவித்து, நோயாளிகளைப் பாதுகாப்பாக அங்கு கொண்டுசெல்லும் ஏற்பாட்டை அரசு உருவாக்கலாம். ஒவ்வொரு மையமும் பிழைத்தவர், இறந்தவர், சிக்கலுக்கு ஆளானவர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

குடும்பத்தினரிடமும் முதல் நாளிலேயே பேச வேண்டும்: நோக்கம் என்ன, என்னென்ன நேரலாம், எந்த நாளில் மறுபரிசீலனை, எந்த நிலையில் நிறுத்துவது. கையெழுத்து வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. இவற்றை முன்கூட்டியே அறிந்த குடும்பம், முடிவு எதுவாயினும் தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணாது.