மன்னனின் வேட்டைக்காடும் மக்களின் மேய்ச்சல் உரிமையும்

இலண்டன் வாட்டர்லூ நிலையத்தில் புகைவண்டி ஏறித் தென்மேற்குத் திசையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் புரோக்கன்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூர் வரும். அதுவே ‘நியூ ஃபாரஸ்ட்’ எனப்படும் புகழ்பெற்ற வனத்தின் வாசல். ‘புதிய காடு’ என்பது பெயர். வயதோ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

காடு என்றதும் அடர்ந்த மரச்செறிவை எதிர்பார்த்துச் செல்பவர் முதலில் சற்று ஏமாற்றமடையக் கூடும். ஓக் மரத் தோப்புகள் உண்டு. ஆனால் கணிசமான பகுதி திறந்த புதர்வெளி. ஆகஸ்டு மாதத்தில் அவ்வெளி முழுவதும் ஊதா நிறப் பூக்கள் மலர்ந்திருக்கும். உண்மையில் ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல் தொடக்கத்தில் மரங்களைக் குறிக்கவில்லை. நாட்டின் பொதுச் சட்டத்திற்கு அப்பால், மன்னனின் தனிச் சட்டம் ஆட்சி செய்யும் நிலத்தையே குறித்தது.

1066இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம், 1079இல் இந்நிலத்தைத் தமது வேட்டைக்காடாக ஆக்கிக்கொண்டார். பல ஊர்களை அவர் அழித்தார் எனப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். அது மிகையென்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆயினும் சட்டத்தின் கொடுமை மிகையன்று. மானைக் கொன்றவன் உயிரையோ உறுப்பையோ இழக்க நேர்ந்த காலம் அது. அங்கு வாழ்ந்தோரின் பெரிய நாய்கள் மானைத் துரத்தாதிருக்க அவற்றின் கால்விரல்கள் வெட்டப்பட்டன. லிண்ட்ஹர்ஸ்ட் நகரில் உள்ள பழைய வழக்குமன்றக் கூடத்தில் இரும்பாலான குதிரை அங்கவடி ஒன்று தொங்குகிறது. அதனுள் நுழைந்து வெளியேறும் அளவு சிறிய நாய் தப்பித்ததாம். நுழைய முடியாத நாய்க்குக் கால்விரல் போயிற்றாம்! அவ்வங்கவடி பிற்காலத்தது என்பது ஆய்வாளர் கூற்று. எனினும் ஊரார் நினைவில் அக்கதை இன்னும் அழியவில்லை.

அக்காடு வில்லியமின் குடும்பத்திற்கும் நன்மை செய்யவில்லை. அவருடைய மகன் ரிச்சர்டு அங்கே உயிரிழந்தார். அரியணை ஏறிய மற்றொரு மகன் இரண்டாம் வில்லியம், 1100 ஆகஸ்டு 2ஆம் நாள் அதே வனத்தில் வேட்டையின்போது அம்பு பட்டு மாண்டார். விபத்தா, சதியா என்பது இன்றளவும் முடிவாகவில்லை. தம்பி ஹென்றி உடனே வின்செஸ்டர் நகருக்கு விரைந்து கருவூலத்தைக் கைப்பற்றி, மூன்றே நாளில் முடி சூட்டிக்கொண்டார் என்பது மட்டும் தெளிவு. அம்மன்னர் வீழ்ந்ததாகக் கருதப்படும் இடத்தில் ‘ரூஃபஸ் கல்’ நிற்கிறது.

1217இல் பத்து வயதுச் சிறுவரான மூன்றாம் ஹென்றியின் பெயரால் ‘வனச் சாசனம்’ வெளியாயிற்று. மகா சாசனத்தை அறிந்தோர் பலர். இதனை அறிந்தோர் சிலரே. மானுக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கலாகாது என்று அது விதித்தது. வனத்தில் கால்நடை மேய்க்கும் வழக்குரிமையையும் காத்தது. 1971 வரை அது சட்டப் புத்தகத்தில் நீடித்திருந்தது.

அவ்வுரிமைகளே இன்றும் அவ்வனத்தின் உயிர்நாடி. மாடும் குதிரையும் மேய்க்கும் உரிமை, அடுப்பெரிக்க விறகு பெறும் உரிமை, இலையுதிர் காலத்தில் பன்றிகளை விட்டு ஓக் கொட்டைகளைத் தின்னச் செய்யும் உரிமை என அவை பலவகை. (அக்கொட்டை மிகுதியானால் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு.) உரிமை மனிதரோடு ஒட்டியதன்று, குறிப்பிட்ட வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. ஏறத்தாழ 5,000 மட்டக் குதிரைகள் அங்கே தன்னிச்சையாகத் திரிகின்றன. காட்டுக் குதிரை எனப் பயணிகள் எண்ணுவர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மேய்ச்சல் கட்டணம் செலுத்தப்பட்டதற்கு அடையாளமாக அதன் வால் மயிர் குறிப்பிட்ட வடிவில் கத்தரிக்கப்படும். வால்தான் ரசீது!

இவற்றையெல்லாம் அரசு ஒருமுறை ஒழிக்க முனைந்தது. 1851இல், மான்களை அகற்றுவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக 10,000 ஏக்கரை வேலியிட்டு மரம் நடச் சட்டம் இயற்றினர். மேய்ச்சல்காரர்கள் கலங்கினர், எதிர்ப்பு வலுத்தது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் வேலியிடுவதைத் தடுத்தது. மன்னரின் அதிகாரிகளாயிருந்த ‘வெர்டரர்’ மன்றத்தை மேய்ச்சல்காரர்களின் காவலாக மாற்றியமைத்தது. இன்று அம்மன்றத்தின் பத்து உறுப்பினருள் ஐவர் தேர்ந்தெடுக்கப்படுவோர். லிண்ட்ஹர்ஸ்டில் அது கூடும்போது எவரும் எழுந்து தம் முறையீட்டைச் சொல்லலாம்.

2005இல் இவ்வனம் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆயினும் இன்றைய ஆபத்து வேறு. விடுமுறைக்கு வரும் செல்வர்கள் அங்கே வீடு வாங்குவதால் விலை ஏறி, மேய்ச்சல்காரரின் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே வீடு எட்டாக் கனியாகிறது. மேய்ப்பவர் அகன்றால் புதர் மண்டி அவ்வெளியே உருமாறிவிடும். சாலைகளில் வாகனம் மோதி ஆண்டுதோறும் கால்நடைகள் மடிகின்றன. செல்வோர் மெதுவாக ஓட்டுக. குதிரைக்குத் தீனி கொடுக்க வேண்டாம், 2023 முதல் அது தடை.

அருகில் பியூலி உண்டு. பிரெஞ்சு எழுத்தில் ஒன்று, ஆங்கில உச்சரிப்பில் மற்றொன்று. 1204இல் ஜான் மன்னர் நிறுவிய மடத்தின் இடிபாடுகளும் மோட்டார் வாகன அருங்காட்சியகமும் அங்குள்ளன. சற்றுத் தள்ளி, ஆற்றங்கரையில் பக்லர்ஸ் ஹார்டு. நெல்சன் பின்னர் தலைமையேற்ற ‘அகமெம்னன்’ போர்க்கப்பல் 1781இல் அங்கிருந்தே நீரில் இறங்கியது.

திரும்பும் வழியில் புரோக்கன்ஹர்ஸ்ட் தேவாலய வளாகத்தைக் காண மறவாதீர். முதல் உலகப்போரில், 1914-15இல், காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கான மருத்துவமனை இவ்வூரில் இயங்கியது. நியூஸிலாந்து வீரர் 93 பேரின் கல்லறைகளோடு இந்தியர் மூவரின் கல்லறைகளும் அங்குள்ளன. தென் இங்கிலாந்து மருத்துவமனைகளில் உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களுக்காக, இதே புகைவண்டிப் பாதையில் உள்ள வோக்கிங் நகரில், ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அண்மையில் தனி அடக்கத்தலம் 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. 1968இல் அவர்களின் உடல்கள் அருகிலுள்ள புரூக்வுட் இடுகாட்டிற்கு மாற்றப்பட்டன. பழைய இடம் 2015 முதல் அமைதிப் பூங்காவாக விளங்குகிறது. இலண்டன் செல்லும் வண்டிகள் பல வோக்கிங்கில் நின்றே செல்கின்றன.