பல்லிக்குச் சென்ற மாணவன்



ஒன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பயிற்சிப் புத்தகத்தில், "நான் அம்மாவுடன் பல்லிக்குச் சென்றேன்" என்று எழுதியிருந்தான். சிரித்துவிட்டேன். சிவப்பு மையால் வட்டமிட்டு, 'பள்ளி' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அவன் பல்லிக்கே சென்றான். மூன்றாம் முறையும் அதே பிழையைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவன் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர் மலாய்ப்பள்ளியில் பயின்றவர். வீட்டில் தமிழ் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. தமக்குக் கிட்டாத தமிழ் மகனுக்காவது கிட்டட்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சேர்த்தவர்.

"கைப்பேசியில அப்படித்தானே டீச்சர் இருக்கு? நான் தமிழ் படிக்கலையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கைப்பேசியை நீட்டினார்.

பள்ளிக்கூடத்தின் படம். தொட்டால் மறுபக்கம் 'பல்லி'. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மின்னட்டைத் தொகுப்பு அது. ஒவ்வோர் இரவும் தாயும் மகனும் அருகருகே அமர்ந்து அதைத்தான் படித்திருக்கிறார்கள். அந்தத் தாயாரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. குறை என் பக்கமும் இருக்கிறது என்றே தோன்றியது.

மின்னட்டையில் உள்ள பிழை, புத்தகத்தில் உள்ள பிழையைப் போன்றதன்று. புத்தகத்துப் பிழையை ஒரு முறை படித்துவிட்டுக் கடந்துவிடலாம். மின்னட்டையோ நம்மை விடாது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் மறதி பற்றிய தம் ஆய்வை 1885இல் நூலாக வெளியிட்டார். படித்தது முதலில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் மறந்துபோகிறது என்று அவர் காட்டினார். விட்டுவிட்டு மீண்டும் படித்தால் நினைவு நிலைக்கிறது. செபாஸ்தியன் லைட்னர் 1972இல் இதனை அட்டைப்பெட்டி முறையாக எடுத்துரைத்தார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட 'அன்கி' என்னும் கட்டற்ற மென்பொருள், இந்த இடைவெளிக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தது. மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டை மீண்டும் வந்து நிற்கும்.

சரியான சொல்லைப் பதிய வைக்கும் அதே முறை, பிழையான சொல்லையும் அதே உறுதியோடு பதிய வைக்கும். நான் வாரத்திற்கு ஒரு முறை திருத்தினேன். கைப்பேசி ஒவ்வோர் இரவும் கற்பித்தது. யார் வெல்வார்?

எனவே, பிழையை மாணவனின் புத்தகத்தில் திருத்தினால் மட்டும் போதாது. அது தோன்றிய இடத்திலேயே திருத்த வேண்டும். கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்ட தொகுப்புகளின் பெரும் பயன் இதுவே. அவற்றை எடுத்து, திருத்தி, மீண்டும் பகிர உரிமம் நமக்கு இடமளிக்கிறது. பிழைகளைக் கண்டு "தமிழ் அழிகிறதே!" என்று புலம்புவதற்கு நமக்கு நேரம் இருக்கிறது. திருத்துவதற்கு மட்டும் ஏனோ நேரம் இருப்பதில்லை.

அத்தொகுப்பை உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் தமிழர் அல்லர். தமிழைத் தாமே கற்றுக்கொண்டிருப்பவர். தாம் கற்ற சொற்களைப் பிறருக்கும் பயன்படட்டும் என்று இலவசமாக வெளியிட்டிருக்கிறார். நன்றி கூறி, முழுப் பட்டியலையும் விரிதாளில் அனுப்பி வைத்தார். சில சனிக்கிழமைகள் அமர்ந்து பார்த்தேன்.

பனி இருக்கவேண்டிய இடத்தில் பணி இருந்தது. வலியும் வழியும் இடம் மாறியிருந்தன. இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 'ஔ' என்ற ஓரெழுத்துக்கு மாறாக 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகளைத் தட்டியிருந்தார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. மாணவன் 'ஔவை' என்று சரியாகத் தட்டித் தேடினால் அட்டை அகப்படாது. இதனைக் கண்டுபிடிக்கத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆசிரியர்களிடம் இவ்விரண்டும் இருக்கின்றன.

இங்கே என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். சிவப்புப் பேனா கையில் இருந்தால் நமக்குக் கை நிற்பதில்லை. 'வாங்க' என்றிருந்ததை 'வாருங்கள்' என்றும், 'சாப்பிட்டாச்சா' என்றிருந்ததைச் 'சாப்பிட்டுவிட்டீர்களா' என்றும் மாற்றி அனுப்பினேன். அவர் பணிவோடு கேட்டார்: "அந்தப் பகுதி பேச்சுத் தமிழுக்கானது. உங்கள் வீட்டில் வாருங்கள் என்றா அழைப்பீர்கள்?" எனக்கு வெட்கமாகிவிட்டது. பிழை வேறு, வழக்கு வேறு. நாம் 'பசியாறுதல்' என்கிறோம். ஈழத்தமிழர் பேசுவதைக் 'கதைத்தல்' என்கின்றனர். இவற்றை அடிப்பது திருத்தமன்று. எது எழுத்துத் தமிழ், எது பேச்சுத் தமிழ், எது எந்த நாட்டு வழக்கு என்று அட்டையில் குறித்து வைப்பதே திருத்தம்.

"ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாடக்குறிப்பு, மதிப்பீடு, இணையப் பதிவு, புறப்பாட நடவடிக்கை என்று நம் நாள்கள் கரைவதை நான் அறிவேன். ஆயினும் நான் கேட்பது வாரத்திற்குப் பத்து அட்டைகள் மட்டுமே. வகுப்பில் திருத்தும் ஒரு சொல் ஒரு மாணவனுக்குப் பயன்படும். தொகுப்பில் திருத்தும் ஒரு சொல், நாம் என்றுமே காணப்போகாத பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். தமிழ் விக்சனரி 2004 முதல் இவ்வாறு தன்னார்வலர்களின் உழைப்பால்தான் வளர்ந்து வருகிறது.

தமிழ் எழுதத் தெரியாத பெற்றோரும் உதவலாம். உங்கள் பிள்ளை மீண்டும் மீண்டும் தடுமாறும் அட்டையைக் குறித்து வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். தெளிவாக உச்சரிப்பவராயின், ஆசிரியரின் துணையோடு உங்கள் குரலைப் பதிவு செய்து தாருங்கள். ழகரத்தைப் பிள்ளை ஒரு தாயின் குரலில் கேட்டுப் பழகுவதற்கு ஈடு ஏது?

இரண்டு எச்சரிக்கைகள். பாடநூலில் உள்ள படங்களை வெட்டி ஒட்டாதீர்கள். அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. நாமே வரையலாம், அல்லது விக்கிமீடியா பொதுவகத்தில் உரிமம் பார்த்து எடுக்கலாம். மாணவர்களின் முகத்தையோ குரலையோ பெயரையோ பொதுவில் ஏற்றாதீர்கள்.

மின்னட்டை மொழியைக் கற்பித்துவிடாது என்பதை நான் மறக்கவில்லை. சொல்லை நினைவில் நிறுத்துவதோடு அதன் வேலை முடிகிறது. வாக்கியமும் கதையும் உரையாடலும் வகுப்பிலும் வீட்டிலும்தான் பிறக்க வேண்டும். ஆனால் நினைவில் நிற்கும் அந்தச் சொல்லாவது சரியாக இருக்க வேண்டாமா?

திருத்திய தொகுப்பு வெளிவந்ததும் அந்தத் தாயாரை அழைத்தேன். இணையத்தில் திருத்தினாலும், முன்பே இறக்கிய படி கைப்பேசியில் பழையபடியேதான் இருக்கும். எனவே புதிய தொகுப்பை இறக்கிக்கொள்ளச் செய்தேன். மாணவன் அருகில் நின்று அட்டையைத் தொட்டான். 'பள்ளி' என்று வந்தது.

"டீச்சர், கைப்பேசி இப்பதான் சரியாப் படிச்சிருக்கு!" என்றான்.

கைப்பேசிக்கும் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார். அவர் நாமாக இருப்போமே.