எப்போது நின்றுபோகிறது?



எண்பதுகளில் வந்த அமெரிக்க பிக்கப் டிரக்குகளை இன்னும் பாசத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த இதழில் பல பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற ஒரு கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். “ஹைவேயில் நன்றாக ஓடுகிறது. சிக்னலில் பிரேக் பிடித்தால் ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இறக்கட்டுமா?”

கொஞ்சம் பொறுங்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துச் சேர்க்க அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அதற்குமுன் செலவில்லாத ஒரு கேள்வி இருக்கிறது: வண்டி எப்போது நின்றுபோகிறது? காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, சூடேறிய பிறகா? கியரிலா, நியூட்ரலிலுமா?

ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த 700ஆர்4 கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் பரவலாக இருப்பது இதுதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது ஆயில். அந்த ஆயில் வழுக்கிக் கொடுப்பதால்தான் கியரில் இருக்கும்போதே சிக்னலில் நிற்க முடிகிறது. ஆனால் ஹைவேயில் அதே வழுக்கல் பெட்ரோலை வீணாக்கும். எனவே சீரான வேகத்தில் இரண்டையும் இறுகப் பிணைக்க ஒரு லாக்கப் கிளட்சை உள்ளே வைத்தார்கள். வண்டி நிற்பதற்குமுன் அது விட்டுவிட வேண்டும். விடவில்லையென்றால், சாதாரண கியர் வண்டியைக் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

இன்ஜின் சூடாகும்வரை லாக்கப்புக்கு உத்தரவே போகாது. அதனால் காலையில் வண்டி குறையில்லாமல் ஓடும். ஹைவேயில் ஓடி இறங்குகிற முதல் சிக்னலில் நின்றுபோகும். இந்த அடையாளம் இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், வேகம் குறைந்து நிற்கப்போகிற நேரத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் பிழைத்துக்கொண்டால் சந்தேகம் லாக்கப் மேல்தான். இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனமாகிவிடும், பிரேக்கின் வேக்குவம் உதவியும் ஓரிரு மிதிக்குமேல் கிடைக்காது. ஆகவே நெரிசலில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஒயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். 700ஆர்4-இல் கியர் மாறுவது முழுக்க ஆயில் அழுத்தத்தால். அந்த ஒயர் லாக்கப்புக்கு மட்டும்தான் என்பதால் கழற்றினாலும் கியர்கள் வழக்கம்போல விழும். குறை மறைந்துவிட்டதா? பிரேக் பெடல் சுவிட்சிலிருந்து தேடுங்கள். பிரேக்கை மிதித்ததும் லாக்கப்புக்கான மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். மறையவில்லையென்றால் லாக்கப்பை இயக்கும் சோலினாய்டு சிக்கியிருக்கலாம். அதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை, ஆயில் பேனைக் கழற்றினாலே கைக்கு எட்டும். ஆனால் 1993 முதல் வந்த 4எல்60-இ கியர்பாக்ஸ் வண்டிக்காரர்கள் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் கியர் மாற்றுவதும் மின்சாரம்தான். கனெக்டரைக் கழற்றினால் மூன்றாம் கியரிலேயே நிற்கும்.

நியூட்ரலிலும் நின்றுபோகிறதென்றால் இன்ஜின் பக்கம் வாருங்கள். 1987-க்குப் பிறகு வந்த ஷெவர்லே பிக்கப்களில் ஐடிலிங்கைக் காக்கும் ஏர் வால்வில் கரி படிந்திருக்கலாம். வெடித்த வேக்குவம் ஹோஸ் இன்னொரு காரணம். அதே வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரில் ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் இன்ஜின் விளக்கே மினுக்கி மினுக்கிக் குறை எண்ணைச் சொல்லும். முதலில் வரும் 12 பயப்படவேண்டிய எண் அல்ல. இன்ஜின் ஓடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

நின்றுபோவதைவிட எனக்கு மிகுந்த வருத்தம் தருவது டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வு கேபிள் விஷயம். கார்புரேட்டரை மாற்றுகிறவர்கள், பழைய டிஎச்350 கியர்பாக்ஸில் இருந்த கிக்டவுன் கேபிள்தானே என்று இதைத் தளர்வாக மாட்டிவிடுகிறார்கள், சிலர் மாட்டுவதேயில்லை. 700ஆர்4-இல் ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லி, ஆயில் அழுத்தத்தைக் கூட்டுவதே இந்தக் கேபிள்தான். அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, நல்ல கியர்பாக்ஸ் கொஞ்ச நாளில் எரிந்துபோகிறது. ஒரு கேபிளைச் சரியாக இழுத்துக் கட்டாததற்கு இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

கியர்பாக்ஸ் குறைக்கு இன்ஜின் பழியேற்கிற நேர்மாறான கதையும் உண்டு. டிஎச்400, ஃபோர்டின் சி6 போன்ற பழைய கியர்பாக்ஸ்களில் வேக்குவம் மாடுலேட்டர் என்றொரு சிறு டப்பா இருக்கும். அதன் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். சைலன்சரில் வெள்ளைப் புகை, ஐடிலிங்கில் தடுமாற்றம், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் குறைகிற ஆயில். பார்க்கிறவர்கள் இன்ஜின் போய்விட்டது என்பார்கள். மாடுலேட்டருக்கு வருகிற ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் விஷயம் முடிந்தது.

எந்த வண்டியானாலும் கியர்பாக்ஸ் ஆயில் அளவை இன்ஜின் சூடாக ஓடும்போது, சமதளத்தில், பார்க்கில் வைத்துப் பாருங்கள். டாட்ஜ் வண்டிக்காரர்கள் நியூட்ரலில். கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் குறை பிடிபடவில்லையா? எங்களுக்கு எழுதுங்கள். மாடல் வருஷம், எந்த கியர்பாக்ஸ், சூட்டிலா குளிரிலா, நியூட்ரலில் என்ன ஆகிறது, ஆயில் என்ன நிறம் — இவ்வளவும் கடிதத்தில் இருக்கட்டும். அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்